ட்ரெயிலரைப் பார்த்து ஒருத்தரும் பயப்படுகிறார்கள் இல்லை

திருகோணமலையில் நாங்கள் எடுத்த 18 நிமிடப் பேய்க் குறும்படத்துக்கு 1 நிமிடம் 40 செக்கனில் ட்ரெயிலர் வெட்டியிருக்கிறேன். டாவின்சி ரிசால்வில்தான் எடிட். மூன்று கிழமையாக மாரடிக்கிறேன், பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

கோணேசர் கோவிலுக்குப் போகும் கோட்டை வழியில், மம்மல் நேரத்தில் ஒரு ஷாட்: டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னும். (மான்தான், அங்கே அதுகள் சும்மா திரியும்.) அதுவரை எல்லாரும் மூச்சுப் பிடித்துப் பார்க்கிறார்கள். 52ஆவது செக்கனில் பேயின் முகம் வந்ததும், சரி, சிரிப்புத்தான்.

அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலி போட்டேன். அலறலுக்கு முன் 2 செக்கன் முழு அமைதி விட்டேன். கடைசி வெட்டுகளை 12 ஃபிரேமுக்கு, கிட்டத்தட்ட அரைச் செக்கனுக்குக் குறைத்தேன். அம்மாவுக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம்.

முகத்தை முழுதாகத் தூக்கிவிட்டு, அந்தக் கண்களோடு நிறுத்தினால் பயம் மனதில் தங்குமா?