ட்ரக்கியாஸ்டமியோடு வீட்டுக்குப் போகும் நோயாளி: ஹோம் நர்சிங் ரெஃபரலில் என்னென்ன எழுதணும்?

கேள்வி: நியூரோ வார்டு நர்ஸ், மதுரை

58 வயது ஆண், பக்கவாதம். ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளை போட்டு வைத்த மூச்சுக்குழாய்) இருக்கு: போர்டெக்ஸ் பிராண்டு, சைஸ் 8, கஃப் (டியூபைச் சுற்றியுள்ள பலூன்) உள்ளது, சிங்கிள் லூமென் (உள் குழாய் இல்லாதது). ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியா ஃபீடிங், ஆக்சிஜன் நிமிஷத்துக்கு 2 லிட்டர், ரெண்டு மணிக்கொரு தரம் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். அடுத்த வெள்ளி சாயங்காலம் டிஸ்சார்ஜ். வீடு திருமங்கலம் தாண்டி ஒரு கிராமம். ஏஜென்சிக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை அனுப்பினாப் போதுமா? வீட்டுக்காரங்க "கூடவே தங்குற மாதிரி ஒரு நர்ஸ் போதும்"னு சொல்றாங்க.

பதில் 1: ஹோம்கேர் சூப்பர்வைசர்

போதாது சிஸ்டர். சம்மரியில் நோய் என்னன்னு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் என்ன செய்யணும்னு இருக்காது. ஏஜென்சியில் ஆள் போடுறவர் பல இடங்களில் நர்ஸே கிடையாது. "ஸ்ட்ரோக், பெட்ரிடன்" (படுத்த படுக்கை) என்று பார்த்தால் நர்சிங் படிக்காத அட்டெண்டரை அனுப்பிடுவார். அவங்களும் யூனிஃபார்மில்தான் வருவாங்க, வீட்டில் நர்ஸ்னே நினைச்சுக்குவாங்க. அதனால் நோயை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க.

டியூபின் பிராண்டு, சைஸ், கடைசியா மாற்றிய தேதி, அடுத்து யார் எங்கே மாற்றுவது. சக்‌ஷன் பகலில் எத்தனை தரம், ராத்திரி எத்தனை தரம் என்று தனித்தனியா. சளியின் நிறம், கெட்டி. 8 டியூபுக்கு 12 ஃப்ரெஞ்ச் சைஸ் கதீட்டர் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்), ஒரு தரத்துக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக்கூடாது. மருந்துகளை நேரத்தோடு. கடைசியில் தெளிவா ஒரு வரி: "ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங், நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணோடு." வேலையில் சேரும் அன்றே அந்த எண்ணை வீட்டுக்காரங்க கேட்டு வாங்கட்டும்.

ஒரே நர்ஸ் 24 மணி நேரமும் என்பது இந்தக் கேஸுக்கு ஆகாது. ரெண்டு மணிக்கொரு தரம் எழுந்தால் மூணாம் நாளே அவங்க அசந்து தூங்கிடுவாங்க, சளி அடைச்சால் சத்தம் கேட்காது. 12 மணி நேர ஷிஃப்ட் ரெண்டு வேணும். காசு முடியலைன்னா நர்ஸை ராத்திரிக்குப் போடுங்க. பகலில் பழக்கிவிட்ட வீட்டு ஆள் பார்க்கட்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாத்தான் செய்றாங்க.

பதில் 2: ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்

ஆளைவிட முதலில் டியூபைப் பாருங்க. சிங்கிள் லூமென் டியூப் சளி காய்ந்து அடைச்சால் மொத்த டியூபையும் எடுத்தாகணும். டபுள் லூமென் என்றால் உள் குழாயை உருவி எடுத்தாலே மூச்சு போகும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே மாற்ற முடியுமான்னு ஈஎன்டி டாக்டரிடம் கேளுங்க. கஃப் இன்னும் தேவையா என்பதையும் சேர்த்துக் கேளுங்க. தேவைன்னா பிரஷர் 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அளவு, பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது அளவே இல்லை, பிரஷர் அளக்கும் கேஜ் வேணும்.

வீட்டில் டியூப் அடைக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரப்பதம் இல்லாததுதான். ஹெச்எம்ஈ ஃபில்டரை (டியூப் வாயில் மாட்டி மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைப்பது) தினமும் மாற்றணும், சளி ஒட்டினால் உடனே. சளி ரொம்பக் கெட்டின்னா அது மட்டும் பத்தாது, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் எழுதுங்க.

கிராமம் என்கிறீங்க, கரண்ட் போகும். கான்சன்ட்ரேட்டரோடு (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கரண்ட் மெஷின்) ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், 2 லிட்டர் ஓட்டத்தில் 12 மணி நேரம் தாங்கும். சக்‌ஷன் மெஷின் பேட்டரியோடு, இல்லைன்னா காலால் மிதிப்பது ஒன்று கூடவே இருக்கணும். கட்டில் பக்கத்திலேயே அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), அதே சைஸில் ஒரு டியூப், ஒரு சைஸ் சின்னதா இன்னொன்று, கஃப் பலூனுக்கு 10 மில்லி சிரிஞ்ச். பீரோவில் பூட்டி வைக்கிறதுக்கு இல்லை இது.

பதில் 3: பாலியேட்டிவ் கேர் டாக்டர்

மேலே சொன்னதெல்லாம் சரி. ரைல்ஸ் டியூபை யாரும் பேசவில்லை. நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் பெக் டியூப் (வயிற்றுத் தோல் வழியா நேரே இரைப்பைக்குப் போடும் குழாய்) பற்றி இப்போதே பேசுங்க. கிராமத்தில் ரைல்ஸ் உருவிக்கிட்டு வந்தால் திரும்பப் போட நர்ஸால் முடியும். வயிற்றில்தான் இருக்கு என்று உறுதி செய்வதுதான் சிக்கல். காற்றடிச்சு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதை நம்பக்கூடாது. உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஹெச் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கணும், இல்லைன்னா எக்ஸ்ரே. டியூப் வந்துட்டால் எங்கே போவது என்று ரெஃபரலிலேயே எழுதிடுங்க. மாத்திரைகளையும் ஒரு தரம் பாருங்க: மெதுவாகக் கரையும் வகையை நுணுக்கிப் போடக்கூடாது, டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்குங்க.

வெள்ளி சாயங்காலம் டிஸ்சார்ஜ் வேண்டாம். முதல் ராத்திரியே கதீட்டர் தீரும், ஞாயிற்றுக்கிழமை சர்ஜிக்கல் கடை இருக்காது. செவ்வாய் அல்லது புதன், காலையில். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஏஜென்சி நர்ஸை வார்டுக்கு வரச்சொல்லி உங்க கண் முன்னாடி சக்‌ஷன் போடச் சொல்லுங்க. கை தடுமாறினால் அப்பவே ஆளை மாற்றலாம். வீட்டிலிருந்து ரெண்டு பேரும் கூட இருந்து பழகட்டும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவாங்க, இலவசம். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைங்க. ஆனால் அது வந்து பார்த்துட்டுப் போறதுதான், ஷிஃப்டுக்கு ஈடாகாது.

கேட்டவர்

நன்றி சார். டபுள் லூமென், பெக் ரெண்டையும் நாளை ரவுண்ட்ஸில் கேட்கிறேன். ராத்திரி நர்ஸ், பகலில் மகன் என்றால் மகனுக்கு எத்தனை நாள் பழக்கினால் போதும்?

பதில் 1: ஹோம்கேர் சூப்பர்வைசர்

நாள் கணக்கு வேண்டாம் சிஸ்டர். நீங்க வாயே திறக்காமல் அவர் பத்து தரம் சக்‌ஷன் சரியாப் போடணும். அடைப்பு வந்தால் செய்ய வேண்டியதையும் ஒரு தரம் செய்து காட்டணும். அதுவரை பகலுக்கும் நர்ஸ்.