இது சூட்டு வலியா, பேறுகால வலியா? அனுபவப் பகிர்வு

சேரன்மகாதேவியிலிருந்து, தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்:

எனக்கு 38 வாரங்கள் முடிந்துவிட்டன. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்று நாட்களாக மாலை வேளையில் வயிறு கல்லைப் போல இறுகுவதும், சற்று நேரத்தில் தானாகவே தளர்வதுமாக இருக்கிறது. ஆச்சி சீரகத்தை வறுத்துக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுத்து, "சூட்டு வலின்னா இதக் குடிச்சா அடங்கிரும், பிள்ள வலின்னா கூடும்" என்கிறார். இதுவரை அடங்கித்தான் போகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை இறுகும்போதும் இதுதானோ என்று மனம் பதறுகிறது. உண்மையான வலி எப்படித் தொடங்கியது, எந்த நேரத்தில் வீட்டிலிருந்து புறப்பட்டீர்கள் என்பதை, அதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

முக்கூடலிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்:

பேறுகால வலி என்றால் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மூத்த மகளுக்கு அது அப்படி வரவில்லை. விடியற்காலை இரண்டரை மணி இருக்கும்; மாதவிலக்கின் முதல் நாளில் வருவதைப் போல அடிமுதுகில் ஒரு மந்தமான கடுப்பு தெரிந்தது. பகலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததால் வந்த வலி என்று எண்ணிப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டேன். ஆறு மணிக்குக் கழிவறைக்குச் சென்றபோது, இளஞ்சிவப்பு நிறத்தில் கொழகொழவென்று சளியைப் போல ஒன்று வெளிப்பட்டிருந்தது. பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். கர்ப்பப்பையின் வாயை அடைத்திருந்த சளி அது என்றும், அது வந்த பிறகு சில மணி நேரத்திலும் வலி தொடங்கலாம், சில நாள் கழித்தும் தொடங்கலாம் என்றும் எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர் பின்னர் விளக்கினார்.

காலை ஒன்பது மணிக்கு மதினி சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தார். புகையிலைத் தூள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அதே செவிலியர் கண்டித்துச் சொல்லியிருந்ததால், நான் ஏழாவது மாதத்திலேயே சுளகைத் தொடுவதை விட்டுவிட்டேன். (அதற்கும் முன்பே விட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.) அதனால் சற்றுத் தள்ளி, காற்றுவாக்கில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கடுப்பு வரும்போதெல்லாம் நான் தூணைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவதை மதினிதான் முதலில் கவனித்தார். "ஏட்டி, போன வலிக்கும் இந்த வலிக்கும் இருவது பீடி சுத்திருக்கேன்" என்றார். அவர் கை வேகத்துக்கு நிமிடத்துக்கு இரண்டு பீடி விழும். ஆகவே அது பத்து நிமிடம்.

நண்பகல் வரை அந்தக் கணக்கு நிலையாக இல்லை. ஒரு முறை பதினைந்து பீடி, அடுத்த முறை முப்பது என்று ஏறியும் இறங்கியும் போயிற்று. வெந்நீரில் குளித்துப் பார்த்தேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன், இடப்பக்கமாகப் படுத்தேன், முற்றத்தில் நடந்தேன். எதைச் செய்தும் வலி முற்றிலுமாக விட்டுப்போகவில்லை. முந்தைய வாரங்களில் வந்த சூட்டு வலி படுத்தவுடன் அடங்கியதை நினைத்துப் பார்த்தபோதுதான், இது வேறு என்று எனக்கே உறைத்தது.

மூன்று மணிக்குக் கணக்கு சீராகிவிட்டது. பத்துப் பீடிக்கு ஒரு வலி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. முதுகில் தொடங்கி, இருபுறமும் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு முன்னால் முடிச்சிடுவதைப் போல வரும். நைட்டிக்கு மேலாகவே வயிறு கூம்பிக் குவிவது கண்ணுக்குத் தெரியும். உச்சத்தில் வாய் பேச முடியாது. பிறகு அதே வரிசையில் இறங்கி முற்றிலும் விட்டுவிடும். அந்த இடைவேளையில் வலித்த சுவடே இருக்காது. அதை என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். பரிசோதித்த சிஸ்டர், "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, நடந்துக்கிட்டு இரும்மா" என்றார். விடியற்காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு இரண்டு விரல்தானா என்று அழுதுவிட்டேன். அங்கிருந்து இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் பத்து நிமிடத்தில் மகள் பிறந்தாள். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நீண்ட அந்தக் காத்திருப்பைத் தாங்குவதற்கு ஏதோ ஒரு தவறு நடக்கிறது என்ற எண்ணம்தான் வலியைவிடப் பெரிய தடையாக இருந்தது.

களக்காட்டுப் பக்கத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற செவிலியர்:

முக்கூடல் சகோதரி அழுத அந்த "இரண்டு விரல்" பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிரசவ அறையில் நான் அதிகம் துடைத்த கண்ணீர் அதற்காகத்தான். இரண்டு விரல் என்பது ஏறத்தாழ 3 செ.மீ. முழுத் திறப்பு 10 செ.மீ. ஆனால் திறப்பு மட்டுமே வேலை அல்ல. கர்ப்பப்பை வாய் சாதாரணமாக 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள, மூக்கு நுனியைப் போல விறைப்பான ஒரு குழாய். அது முதலில் மென்மையாகி, நீளம் குறைந்து, காகிதம் போல மெலிய வேண்டும். தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் மெலிவது முன்னும் திறப்பது பின்னுமாக நடக்கிறது. அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஆகவே அந்தப் பகல் முழுவதும் அவருடைய உடல் வீணாக உழைக்கவில்லை, மெலியவைக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வலி என்று நாம் சொல்வது கர்ப்பப்பைத் தசையின் சுருக்கம். அது கர்ப்பப்பையின் மேல்முனையில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும். ஒவ்வொரு சுருக்கம் முடியும்போதும் தசை தளர்கிறதே தவிர, பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. சற்றுக் குறுகியே நிற்கிறது. இப்படி மேற்பகுதி சிறுகச் சிறுகத் தடிக்கத் தடிக்க, கீழ்ப்பகுதியும் வாயும் மேலே இழுக்கப்பட்டுத் திறக்கின்றன, குழந்தையின் தலை கீழே தள்ளப்படுகிறது. தலை கர்ப்பப்பை வாயை அழுத்த அழுத்த மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுதலாக வருகிறது, அது அடுத்த சுருக்கத்தை வலுவாக்குகிறது. சூட்டு வலி என்று நீங்கள் சொல்லும் பொய் வலிக்கு இந்த ஏறுமுகம் கிடையாது. அது வரும், நிற்கும், மறுநாளும் அதே அளவில் வரும்.

நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. திறக்கவில்லையென்றால் உடனே வலியைக் கூட்டும் டிரிப்ஸ் ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று கூறிவிட்டது. 5 செ.மீ. வரையிலான தொடக்கக் கட்டத்துக்குப் பொதுவான கால அளவு எதுவும் கிடையாது, அது பெண்ணுக்குப் பெண் மிகவும் மாறுபடும். 5 செ.மீ.க்குப் பிறகான தீவிரக் கட்டம் முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் எத்தனையோ பெண்களை நான் அவசரப்படுத்தாமல் இருந்திருப்பேன் என்று மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

இடைவேளையைப் பற்றி மதினி போட்ட பீடிக் கணக்கு மிகச் சரியானது. ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். தீவிரக் கட்டத்தில் 10 நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு வலிகள், ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் நீடிக்கும். வலி இறுகியிருக்கும்போது நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. விட்டிருக்கும்போதுதான் குழந்தைக்கு மீண்டும் முழுமையாகப் பிராணவாயு கிடைக்கிறது. அதனால்தான் 10 நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் வலி வந்தால், டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவோம். வலி அதிகமாக வந்தால் பிள்ளை சீக்கிரம் பிறக்கும் என்று உறவினர்கள் எங்களிடம் வாதாடுவதுண்டு.

சீரகத் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடப்பக்கம் படுத்தால் பொய் வலி பெரும்பாலும் அடங்கும். ஆச்சியின் சோதனையில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் வலியைத் தூண்டுவதற்காக விளக்கெண்ணெயோ வேறு கஷாயமோ வீட்டில் கொடுக்க வேண்டாம். 37 வாரங்களுக்கு முன்பு சீராக வலி வந்தால் எந்தச் சோதனையும் செய்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

வள்ளியூரிலிருந்து, இரண்டு மகன்களின் தாய்:

எனக்கு வலியே முதலில் வரவில்லை. 39ஆவது வாரத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்படுத்த முடியாமல் தண்ணீர் கால்வழியே இறங்கியது. சிறுநீர் என்று நினைத்து நிறுத்த முயன்றேன், நிற்கவில்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது என்பது அத்தைக்குப் புரிந்தது. ஆனால் "வலி வராம ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன செய்ய, விடியட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் காலத்து அனுபவம் அப்படி. மறுநாள் காலையில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் புறப்பட்டோம். டிரிப்ஸ் ஏற்றிய பிறகு தொடங்கிய வலியில் படிப்படியான ஏற்றம் எதுவும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. மகனைக் கிருமித் தொற்றுக்காக ஐந்து நாள் தனிப் பிரிவில் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அங்கே முக்கும் நேரத்தில் ஒருவர் என் வயிற்றின் மேல் கையை வைத்து முழு பலத்தோடு அமுக்கியதால், பல வாரம் விலா எலும்பு வலித்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது மகன் இதற்கு நேர்மாறு. அதிகாலை 4.10க்கு முதல் வலி தெரிந்தது. முதல் பிரசவத்தை மனத்தில் வைத்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று சமையலறையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குள் நிற்க முடியவில்லை. 108ஐ அழைத்தோம். நாங்குநேரியைத் தாண்டியதும் மலம் கழிக்க வேண்டும் போல அடக்க முடியாத உந்துதல் வந்தது. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளப் பெண் ஓட்டுநரிடம் ஓரமாக நிறுத்தச் சொன்னார். 6.05க்குச் சாலையோரத்திலேயே பிள்ளை பிறந்து, என் மார்பின் மேல் வைக்கப்பட்டான்.

களக்காட்டுச் செவிலியர்:

முழு மாதம் நிறைந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு, வலிக்கு முன்பே பனிக்குடம் உடைகிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் வலி தொடங்கிவிடும் என்றாலும், வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சுத்தமான துணியோ பேடோ வைத்து, நிறத்தைப் பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கலாகாது.

வயிற்றை அமுக்கியது தவறு. குழந்தையை வெளியே தள்ளுவதற்காக அப்படி அமுக்குவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. முழுவதும் திறந்து, முக்க வேண்டும் என்ற உணர்வு தானாக வந்த பிறகு அந்தப் பெண் தன் போக்கில் முக்கினால் போதும். அதற்கு முதல் பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரையும், அடுத்தவற்றில் இரண்டு மணி நேரம் வரையும் ஆகலாம்.

அந்த உணர்வு வருவதற்குச் சற்று முன்பு ஒரு கட்டம் உண்டு. கால்கள் நடுங்கும், வாந்தி வரும், இதுவரை பொறுமையாக இருந்த பெண் "என்னால முடியாது சிஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்து உட்காருவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பிரசவத் தட்டை எடுத்து வைக்கத் தொடங்குவேன். பெரும்பாலும் திறப்பு முடியும் தறுவாயில்தான் அந்தச் சொல் வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து, மகளுக்குத் துணையாக உள்ளே இருந்த தாய்:

அரசு மருத்துவமனையில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுகிறார்கள் என்பதால் நான் மகளோடு இருந்தேன். அவளுக்கு வயிற்றில் வலியே இல்லை, முழுவதும் முதுகில்தான். குழந்தையின் முதுகு தாயின் முதுகைப் பார்த்து இருந்தால் அப்படி இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு வலிக்கும் அவளை முன்னால் சாயவைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பெலும்பின் நடுவே அழுத்திப் பிடித்தேன். தடவினால் எரிச்சல்பட்டாள், அசையாமல் அழுத்தினால் மட்டுமே தாங்கினாள். "கத்தாதே" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. என் பிரசவத்தின்போது எனக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. சீராக வலி வரும்போது பத்து நிமிட இடைவெளியில் புறப்படுவதா, ஐந்து நிமிடம் வரை இருக்கலாமா?

களக்காட்டுச் செவிலியர்:

உங்களுக்குத் தலைப்பிரசவம், பேறுகாலம் சிக்கலில்லாமல் இருந்து, மருத்துவமனையும் அருகில் இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலியாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்த பிறகு புறப்படலாம். வண்டி கிடைக்கத் தாமதமாகும் என்றால் அதற்கு முன்பே கிளம்புங்கள். வள்ளியூர் சகோதரியைப் போல இரண்டாவது பிரசவம் என்றால் வலி சீரானவுடனேயே கிளம்பிவிட வேண்டும். பரிசோதனை அட்டையையும், கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது தந்த பிக்மி எண் எழுதிய தாளையும் பையில் இப்போதே வைத்துவிடுங்கள். இரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக் கணக்கையும் சீரகத் தண்ணீரையும் விட்டுவிட்டு உடனே வாருங்கள். நள்ளிரவாயிற்றே என்று தயங்க வேண்டாம். பிரசவ அறையில் எந்நேரமும் ஒரு செவிலியர் விழித்திருப்பார்.