மொட்டைமாடி சூரிய அடுப்பில் துவரம்பருப்பு வேகுமா?

வேலூர்வெயில்:
அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் சமையலறையில் நிற்கவே முடியவில்லை. மாடியில் பத்திலிருந்து மூன்று மணி வரை நிழலே விழாது. பெட்டி வகை சூரிய அடுப்பு வாங்கலாமா? ஒரு மணிக்குச் சாம்பார் தயாராக வேண்டும். நாங்கள் நான்கு பேர்.

மாடிக்காரி:
தாராளமாக வேகும். நான் கோடை முழுக்க அதில்தான் பருப்பு வேக வைக்கிறேன். பெட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டும், ஆனால் குக்கர் வேகம் வராது. பருப்பை ஊறவைத்து, வெளியே கறுப்பு பூசிய டப்பாவில் மூடி வையுங்கள். தண்ணீர் அவ்வளவாக வற்றாது, குறைத்தே ஊற்றுங்கள். முதலில் பெட்டியைக் காலியாகக் கொஞ்ச நேரம் சூடேற்றி, பத்து மணிக்கு உள்ளே வைத்தால் பன்னிரண்டரைக்குள் மசியும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. எங்கள் மாமியாருக்கு இது மட்டும் ஆகாது! தாளிப்பு, அப்பளம், தோசைக்கெல்லாம் கேஸ்தான்.

புதுச்சேரிப்பையன்:
அனலைவிட நேர்வெயில்தான் முக்கியம். மேகம் திரண்டால் மே மாதத்திலும் அரைவேக்காடுதான். ஆரோவில் சூரியச் சமையற்கூடத்தின் மாடியில் வெயிலைக் குவிக்கும் 15 மீட்டர் விட்டக் கண்ணாடிக் கிண்ணமே இருக்கிறது, ஆனால் அது நீராவியில் சமைப்பது, வேறு கணக்கு.

வேலூர்வெயில்:
புழுங்கலரிசி?

மாடிக்காரி:
ஊறவைத்தால் ஆகும். அரை மணிக்கொரு தடவை பெட்டியை வெயில் பக்கம் திருப்புங்கள். கைப்பிடித் துணி கட்டாயம். அப்புறம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பெட்டி மூடியில் இருக்கும் ஆடியின் பிரதிபலிப்பு கண்ணைப் பறிக்கும்.