மைலேஜ் 17-லிருந்து 14-க்கு இறங்கிவிட்டது, செக் இன்ஜின் லைட் எரியவில்லை. எங்கே தேடுவது?

வைகைக்கரை:

2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கி.மீ. மதுரைக்குள் பாதி ஓட்டம், நான்குவழிச் சாலையில் பாதி. 17 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி கோடைக்குப் பிறகு 14.2-ஐத் தாண்டவில்லை. இழுவை சரியாக இருக்கிறது, புகை இல்லை. ஏர் ஃபில்டரும் பிளக்கும் புதிது. பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? டயர் 175/65 ஆர்15 இருந்த இடத்தில் இப்போது 185/65 ஆர்15. ஏப்ரலில் இன்ஜின் ஹீட் ஆகி ரேடியேட்டர் வேலையும் நடந்தது.

ஸ்பேனர்12:

சென்சாரை இப்போதைக்கு விடுங்கள் சார். முதலில் அந்த 14.2 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே பங்கில், ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தி டேங்க் நிரப்புங்கள். டேங்க் கால்வாசிக்கு இறங்கும்வரை ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். ஆட்டோ கட் ஒரு லிட்டர் முன்னே பின்னே விழும். 5 லிட்டர் போட்டு அளந்தால் அது 20 சதவீதப் பிழை, 30 லிட்டரில் 3 சதவீதம்தான்.

அடுத்து டயர். பழைய டயரின் விட்டம் 608.5 மி.மீ., புதியது 621.5. சக்கரம் ஒரு சுற்றில் 2.1 சதவீதம் அதிகம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. உங்கள் 14.2 உண்மையில் 14.5.

பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீத எத்தனால் கலந்த இ10 போய் 20 சதவீதம் கலந்த இ20 வந்ததில் மட்டும் மூன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும். 17-ல் அது 0.6. ஆக, 16.4 வரவேண்டிய வண்டி 14.5 தருகிறது. தேட வேண்டியது இந்த வித்தியாசத்தை.

ஏர் ஃபில்டர் மாற்றியதில் தவறில்லை, ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் மைலேஜை அது அசைக்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-லேயே சோதித்துப் பார்த்தது: அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறைந்ததே தவிர எரிபொருள் செலவு ஏறவில்லை. கார்புரேட்டர் காலத்து அறிவுரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓபிடி ஸ்கேனர் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி இரண்டு ரீடிங் மட்டும் போடுங்கள்: 80 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போகும்போது கூலன்ட் வெப்பம், லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் வழக்கமான அளவிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு.

வைகைக்கரை:

ட்ரிம் +5. கூலன்ட் ஹைவேயில் 66 முதல் 69 டிகிரி. ஊருக்குள் சிக்னலில் நின்றால் 85-க்கு ஏறுகிறது, கிளம்பினால் மறுபடி இறங்குகிறது.

ஸ்பேனர்12:

ட்ரிம் +5 கோளாறு இல்லை. ஒரு பங்கு இ10 எரிய 14.1 பங்கு காற்று என்றால் இ20-க்கு 13.5 போதும், அதனால் பழைய டியூனிங்கில் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நாலைந்து சதவீதம் பெட்ரோல் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக வேலை செய்வதற்கு இதுவே சாட்சி. +15-ஐத் தாண்டினால் காற்றுக் கசிவு, சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை என்று தேடலாம். -10-க்குக் கீழே போனால் ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு).

கோளாறு வெப்பத்தில் இருக்கிறது: ஹைவேயில் கூலன்ட் இவ்வளவு குளிர்ந்திருக்கக் கூடாது. இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. ஹீட் ஆகி வரும் வண்டியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. மிகத் தவறான வேலை. இன்ஜின் சூடேறாதவரை ஈசியூ பெட்ரோலைக் கூட்டியே விடும், ஆயில் கெட்டியாகவே நிற்கும், அதில் கலக்கும் பெட்ரோலும் தண்ணீரும் ஆவியாகாமல் தங்கித் தேய்மானத்தைக் கூட்டும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்குக் கை போகாமல். சில நிமிஷம் குளிர்ந்தே இருந்து திடீரென்று சுட வேண்டும். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் சந்தேகமே இல்லை. தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் உள்ள இன்ஜின் என்றால் கீழ் ஹோஸைப் பாருங்கள்.

பிரேக்லைனிங்:

ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் தெர்மோஸ்டாட் ஒன்றே இவ்வளவு தின்னாது, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து கி.மீ. ஹைவேயில் ஓட்டி, பிரேக்கைக் கூடியவரை தொடாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் முன் டிஸ்க் இரண்டையும் அளந்தால் கிட்டத்தட்ட ஒரே சூடு காட்ட வேண்டும். ஒரு பக்கம் 30, 40 டிகிரி கூடுதல் என்றால் அந்தப் பக்கம் ஜாம்.

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் பரவாயில்லை. இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். உடனே இளகினால் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடவில்லை. இளகாவிட்டால் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கிறது. பின்னைத் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பர் பூட்டை வீங்க வைத்து மறுபடி பிடிக்கும். நிப்பிளைத் திறந்ததால் கடைசியில் ஏர் எடுத்து, பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள்.

வைகைக்கரை:

ஹவுசிங் காலியாகத்தான் இருக்கிறது, தெர்மோஸ்டாட் இல்லை. இடது முன் டிஸ்க் 96, வலது 58. கீழ் ஸ்லைடு பின் துருப்பிடித்து அசையவே இல்லை.

ஸ்பேனர்12:

அப்படியானால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். வாங்கும் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் திறக்கும் வெப்பம் பொறித்திருக்கும், உங்கள் இன்ஜினுக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாட்டுங்கள். சிறு காற்றுத்துளை இருந்தால் அது மேல்பக்கம் வரவேண்டும். கேஸ்கெட் புதிது போடுங்கள்.

கூலன்ட் ஊற்றியதும் ஹீட்டரை ஹாட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆறிய பிறகே மூடியைத் திறந்து நிரப்ப வேண்டும். காற்று தங்கினால் மறுபடி ஹீட் ஆகும், மறுபடி யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்கள். ஏப்ரலில் ஏன் ஹீட் ஆனது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்: ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் ரிலே, வாட்டர் பம்ப் கசிவு. ஃபேனை இக்னிஷனிலிருந்து டைரக்டாக இழுத்து வைத்திருந்தால் அந்த ஒயரையும் எடுத்துவிட்டு ரிலே வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.