பழைய மவுண்டன் பைக்குக்கு எந்த ஸ்டிக்கர்? அவசரம்

டொரன்டோ_பெடல்:
வணக்கம். போன கிழமை யார்ட் சேலில பழைய மவுண்டன் பைக் ஒண்டு வாங்கினனான். ஸ்டிக்கர் அரைவாசி உரிஞ்சுபோய்க் கிடந்தது, மிச்சத்தை நானே சுரண்டி எடுத்திட்டன். ஆன்லைனில ஒருத்தர் இந்த மாடலுக்கு மூண்டு விதமான செட் விக்கிறார். எது சரி? நாளைக்கு ஃபிரேமுக்குப் பாலிஷ் போடப் போறன். அதுக்கு முதல் ஆரும் சொல்லுங்கோ.

கோவை_ரைடர்:
எந்தக் கம்பெனி, என்ன மாடல்? ஸ்டீலா, அலுமினியமா? ஒண்ணுமே சொல்லலையே ப்ரோ.

ஃப்ரீவீல்:
பெடல் அச்சுக் குழாய்க்கு அடியில நம்பர் அடிச்சிருக்கும், அதையும் போடுங்க. பழைய ஸ்டிக்கருக்கு மேல கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) இருந்ததா? பிரேக் என்ன?

டொரன்டோ_பெடல்:
மன்னிக்கோணும். ஜிடி ஸாஸ்கர். வெறும் சில்வர், பெயின்ட் கிடையாது. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க், ராக் ஷாக்ஸ் கம்பெனியின்ர ஜூடி மாடல்.

கோவை_ரைடர்:
ஜூடின்னா 1995க்கு முன்னாடி வர வாய்ப்பே இல்ல. 1995 இல்லைன்னா 1996 செட் வாங்குங்க. முடிஞ்சது.

பழைய_சக்கரம்:
ஃபோர்க்கைப் பார்த்து ஃபிரேமுக்கு வயசு சொல்வது இந்தக் குழுவில் தீராத வியாதி. பலமுறை எழுதிவிட்டேன், படிப்பவர் யாரும் இல்லை. அந்தக் காலத்தில் ஃபோர்க்தான் முதலில் மாற்றப்படும் பாகம். பெடல் மாட்டும் கிராங்க் கையின் பின்பக்கம், அதைச் செய்த ஷிமானோ கம்பெனியின் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். முதல் எழுத்து வருடம்: 1976க்கு ஏ, அங்கிருந்து வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம். இதைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஃப்ரீவீல்:
கிராங்கையும் மாத்துவாங்களே சார். ஃபிரேம் நம்பர்தான் முதல் சாட்சி. அந்தக் காலத்து ஜிடி பலவற்றில் முதல் நாலு இலக்கம் மாசமும் வருஷமும். ஆனா செய்த வருஷமும் மாடல் வருஷமும் ஒண்ணு இல்ல. 1993 அக்டோபர்ல செஞ்சது 1994 காட்டலாக்ல இருக்கும்.

நீலகிரி_அனிதா:
தம்பி, தயவுசெய்து இன்னும் பாலிஷ் போடாதீங்க! முதல் ஸாஸ்கர்கள் (1991லிருந்து) இரும்புக் குண்டுகளோட உருட்டிப் பளபளப்பாக்கின வெறும் அலுமினியம். மேல லாக்கர் இல்ல, ஸ்டிக்கர் நேரா உலோகத்துல உட்கார்ந்திருக்கும். மூடியிருந்த இடமும் காத்து பட்ட இடமும் வேற வேற மாதிரி மங்கும். ராத்திரி விளக்கை அணைச்சிட்டு, டார்ச்சைக் குழாயோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, பழைய எழுத்தோட நிழல் தெரியும். நீளத்தை அளந்து, கூடவே போட்டோ எடுங்க. மெட்டல் பாலிஷ் அந்த நிழலைத் துடைச்சிடும், அப்புறம் திரும்ப வராது.

இது எனக்கு முக்கியமா படுது, ஏன்னா 80, 90கள்ல பைக் மேல இருக்கிற எழுத்து மாறின வேகம் அப்படி. 1981ல ஸ்டம்ப்ஜம்பர்ங்கற மவுண்டன் பைக் முதல்ல வந்தப்ப குழாயெல்லாம் ஒல்லி ஸ்டீல். ரோடு பைக் மாதிரி அடக்கமான எழுத்துக்குத்தான் இடம். கேனன்டேல், க்ளைன் கம்பெனிகளோட தடித்த அலுமினியக் குழாய் வந்ததும் எழுத்து ஊதிப் பெருத்தது. 1990ல அமெரிக்காவோட டுராங்கோவுல மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப், அடுத்த வருஷம் உலகக் கோப்பைத் தொடர். பந்தயத்துல தூரத்திலிருந்தே பேர் தெரியணும்னு ஆச்சு. நியான் நிறம், தெளிச்ச பெயின்ட் எல்லாம் அந்த நேரம்தான். பிரிட்டன்ல மடி ஃபாக்ஸ் கம்பெனி ஃபிரேம்ல நரிப் பாதம் நடந்து போகும், ஃபேட் சான்ஸ் கம்பெனியோட யோ எடி மாடல்ல ஒரு முகமே ஒட்டியிருக்கும். பின்பக்க சஸ்பென்ஷன் வந்து குழாயோட வடிவத்தைக் கலைச்சதும் எழுத்து ஓட இடமில்லாம போச்சு. ஆகவே தப்பான வருஷத்து ஸ்டிக்கர் ஒட்டினா, பார்த்த உடனே கண்ணை உறுத்தும்.

கோவை_ரைடர்:
அக்கா, எதுக்குப் புது ஸ்டிக்கர்? உரிஞ்சதை உரிஞ்சபடியே விட்டிருக்கலாம். அதுதான் அந்த பைக்கோட வரலாறு.

நீலகிரி_அனிதா:
பாதி இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் சுரண்டிட்டாரே.

பழைய_சக்கரம்:
க்ளைன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1995ல் ட்ரெக் கம்பெனி அதை வாங்கிய பிறகு வந்தவை க்ளைனே அல்ல. அவற்றின் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஃப்ரீவீல்:
இதை ஒத்துக்க முடியாது சார். ட்ரெக் வாங்கின பிறகும் 2002 வரைக்கும் வாஷிங்டன் மாநிலத்துச் செஹேலிஸ்லதான் க்ளைன் ஃபிரேம் செஞ்சாங்க. அதே ஊர், அதே பட்டறை. உரிமையாளர் மாறினதுக்கும் இடம் மாறினதுக்கும் நடுவுல ஏழு வருஷம் இருக்கு.

பழைய_சக்கரம்:
ஊர் அதேதான். வரைந்தவர்களின் ரசனை மாறியது. நான் பேசுவது எழுத்தைப் பற்றி.

கோவை_ரைடர்:
க்ளைனோட அந்த நிறம் நிறமா கரைஞ்சு மாறுற ஃபேட் (fade) பெயின்ட்டுக்கு முன்னாடி எழுத்தை யார் பார்க்கிறாங்க?

பழைய_சக்கரம்:
நான் பார்க்கிறேன்.

டொரன்டோ_பெடல்:
நம்பர் 0393 எண்டு தொடங்குது. கிராங்கில ஆர், பி. வலப்பக்கம் பாலிஷ் போட்டிட்டன், அதில ஒண்டும் தெரியேல்லை. இடப்பக்கம் டார்ச் அடிக்க எழுத்து தெரியுது, ஒரு இடத்தில சின்னதா "டெர்ரா" எண்டு முடியுது.

ஃப்ரீவீல்:
அருமை! ஆர் 1993, பி பிப்ரவரி. ஃபிரேம் மார்ச் 1993. ரெண்டும் ஒத்துப் போகுது, அதனால 1993 மாடல்தான். "ஆல் டெர்ரா" ஜிடி தன் மவுண்டன் பைக் வரிசைக்கு வச்சிருந்த பேர். விக்கிறவரோட மூணு செட்ல அது இல்லாததை முதல்லயே கழிச்சிடுங்க. ஜூடி ஃபோர்க் அப்புறமா மாட்டினது.

நீலகிரி_அனிதா:
மிச்சத்தை நிழலோட நீளத்தை வச்சு முடிவு பண்ணுங்க. 1993 காட்டலாக் ஸ்கேன் நெட்ல கிடைக்கும், எழுத்து எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு அதையும் பாருங்க. வினைல் செட்னா ஒட்டுறதுக்கு முன்னாடி ஆல்கஹால்ல துடைச்சு எண்ணெய்ப் பசையை எடுத்துடுங்க. பாலிஷ் மிச்சம் இருந்தா ஒரு மழைக்குத் தாங்காது.

டொரன்டோ_பெடல்:
ஓர்டர் போட்டிட்டன். எல்லாருக்கும் நன்றி.

கோவை_ரைடர்:
எந்த செட்னு சொல்லலையே ப்ரோ?