முக்திநாத் பயணம்: பங்குனியா, ஐப்பசியா?

கவிதா, இரவு 8.10
செந்தில் அண்ணா, நேபாளப் பயணத்தில் நானும் முகிலனும் மணாங் கிராமம் வழியாக நடந்து தொராங் லா கணவாயைக் கடப்பதென்றும், பெரியப்பாவும் பெரியம்மாவும் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் வந்து எங்களோடு முக்திநாத் பெருமாளைச் சேவிப்பதென்றும் முடிவாகிவிட்டது. மாதம்தான் முடிவாகவில்லை. பங்குனி, சித்திரையில் குளிர் குறைவு என்கிறார் பெரியம்மா. லாலிகுராஸ் (ரோடோடென்ட்ரான்) பூக்கும் காலமும் அதுவே என்பதால் எனக்கும் அதில் ஆசை இருக்கிறது. அந்தக் கணவாயைக் கடந்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

செந்தில், இரவு 8.32
கவிதா, லாலிகுராஸ் காடுகள் கோரேபானி, பூன் ஹில் பக்கம்தான் அடர்ந்திருக்கும். மணாங்குக்கு மேலே நீ பார்க்கப்போவது முட்புதர்களும் வறண்ட சரிவுகளும்தான், எனவே பூவுக்காக மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான் 2018 ஏப்ரலில் போனபோது, பொக்காராவில் இரண்டு நாள் தங்கியும் மச்சாபுச்சரே சிகரம் கண்ணில் படவில்லை. மழையில்லாத மாதங்களில் சேர்ந்த தூசியும் காட்டுத்தீயின் புகையும் பள்ளத்தாக்கில் அப்படியே தேங்கி நின்றன. மேலே ஏறிய பிறகு காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பிற்பகலில் தினமும் மேகம் திரண்டது. கணவாயின் அடிவாரத் தங்குமிடமான தொராங் ஃபேதியில் ஒரு நாள் மூன்று மணிக்குத் தொடங்கிய பனி, இருட்டுவதற்குள் விடுதி வாசற்படிகளை மூடிவிட்டது.

ஐப்பசியில் நிலைமை வேறு. பருவமழை விலகும்போது காற்றிலுள்ள தூசி முழுவதையும் கழுவிவிட்டுப் போவதால் தொலைவிலுள்ள சிகரங்களும் துலக்கமாகத் தெரியும், கணவாயில் புதிய பனியும் பொதுவாகக் குறைவாக இருக்கும். என் முடிவு ஐப்பசிதான்.

பெரியப்பா, இரவு 8.47
தம்பி, ஐப்பசி நமக்குப் புயல் மாதம் அல்லவா? வங்கக் கடலில் எழும் புயல் அவ்வளவு தூரம் போகுமா?

செந்தில், இரவு 9.05
போகும் பெரியப்பா, போயிருக்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. மலையேறிகளும் வழிகாட்டிகளும் உள்ளூர் மக்களுமாக 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் தொராங் லா வழியில் சிக்கியவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. கணவாய்க்கு முந்தைய மூன்று நாட்களில் ஆந்திரா, ஒடிசா பக்கம் புயல் எதுவும் கரை கடக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன். அப்படி இருந்தால் மணாங்கிலிருந்து ஒரு அடியும் மேலே வைக்கக் கூடாது. இதற்காகவே இரண்டு நாட்களைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகிலன், இரவு 9.14
எனக்குப் பன்னிரண்டு நாள்தான் விடுப்பு அண்ணா. மணாங் வரை ஜீப் போகிறதாமே, அதில் போய்விட்டால் அந்த இரண்டு நாட்கள் மிச்சமாகுமே.

செந்தில், இரவு 9.30
வேண்டாம் முகிலா, இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள். கணவாயின் உயரம் 5,416 மீட்டர், அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். எந்த மாதத்தில் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பார்கள். சாமே வரை ஜீப்பில் போங்கள், பிறகு நடந்து பிசாங்கில் ஓர் இரவும் மணாங்கில் இரண்டு இரவும் தங்குங்கள். என்னோடு வந்த நண்பர் தலைவலியை மறைத்துக்கொண்டு ஃபேதி வரை ஏறிவிட்டார். இரவு பத்து மணிக்கு வாந்தி எடுத்து, தம் காலணியின் நாடாவைக் கட்டக்கூட விரல் ஒத்துழைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்திலேயே ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் அவரைக் கீழே இறக்கினோம், இறங்க இறங்கத்தான் தெளிந்தார்.

மணாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ மையம் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே அது இயங்கும் என்பதால், கூட்டம் குறையட்டும் என்று டிசம்பருக்குத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. உயர மலை நோயைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் பிற்பகலில் பேசுவார்கள், இருவரும் தவறாமல் போய்க் கேளுங்கள்.

பெரியம்மா, இரவு 9.41
எனக்கு முக்திநாத் கோயிலின் அந்த நூற்றெட்டு நீர்த்தாரைகளிலும் நனைய வேண்டும் செந்தில். ஐப்பசிக் குளிரை இவர் தாங்குவாரா?

செந்தில், இரவு 9.52
காலை வெயில் ஏறிய பிறகு சன்னிதிக்குப் போங்கள் பெரியம்மா, பெரியப்பா தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். குளிரைவிட உயரத்தை எண்ணித்தான் நான் கவலைப்படுகிறேன். பொக்காராவிலிருந்து ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு மேலுள்ள முக்திநாத்துக்குப் போய்விடாமல், ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்குங்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக வீசும் என்பதால் விமானங்கள் காலையில்தான் பறக்கும். முதல் விமானத்திலேயே இடம் போடுங்கள்.

கவிதா, இரவு 10.03
அப்படியானால் ஐப்பசியில் எந்த வாரம் அண்ணா?

செந்தில், இரவு 10.10
நம் நவராத்திரி நாட்களில் அங்கே தசைன் பண்டிகை. போர்ட்டர்கள் பலரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பேருந்தில் இடம் கிடைப்பதும் கடினம். விஜயதசமி முடிந்து நான்கைந்து நாள் கழித்துப் புறப்படுங்கள்.

பெரியப்பா, இரவு 10.18
அப்படியே செய்வோம். முகிலன் பதினான்கு நாள் விடுப்பு கேட்கட்டும். மணாங்கில் காத்திருக்க நேர்ந்து தீபாவளிக்குள் ஊர் திரும்ப முடியாமல் போனால், நாம் நால்வரும் பொக்காராவிலேயே விளக்கேற்றுவோம். கவிதா, திரும்பும் விமானத்துக்கு மட்டும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து எடு அம்மா.