டீஆக்சி (ஆக்சிஜன் ஏறாத) ஹீமோகுளோபின் படிகம் வெடிப்பது ஏன்? செய்முறை அறிந்தவர்கள் பகிரவும்

செம்படிகம்:
ஆர்எச்பி1.1 என்ற மரபணு மாற்றிய மனித ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் ஒரே ஒரு கிளைசின் அமினோ அமிலத்தால் கோக்கப்பட்டிருக்கும்; பீட்டா 108-ல் அஸ்பராஜின் இருந்த இடத்தில் லைசின். இப்படி ஈ. கோலை பாக்டீரியாவில் எடுத்த ஹீமோகுளோபினை உடனே படிகமாக்க உட்காராதீர்கள். சில ஹீம்கள் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள பகுதிகள்) 180 பாகை திரும்பி உட்கார்ந்திருக்கலாம். ஃபெரிசயனைடால் மெட் வடிவமாக்கி (இரும்பை ஆக்சிஜனேற்றி), கார்பன் மோனாக்சைடின் கீழ் டைத்தயோனைட்டால் ஒடுக்கினால் சரியாகும். நிறமாலையில் 540, 569 நானோமீட்டரில் இரட்டை முகடு வர வேண்டும். 630 பக்கம் மேடு தெரிந்தால் மெட் மிச்சமிருக்கிறது, மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

பீட்டா108:
வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. ஆக்சிஜன் ஏறினால் மூலக்கூறு டி நிலையிலிருந்து (ஆக்சிஜன் இல்லாதபோதைய வடிவம்) ஆர் நிலைக்கு (ஆக்சிஜன் ஏறிய வடிவம்) தாவப் பார்க்கும். ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்றதைவிட 15 பாகை அளவுக்குச் சுழலும். படிக அடுக்கு அதைத் தாங்காது. ஹௌரோவிட்ஸ் என்ற விஞ்ஞானி 1938-லேயே குதிரை ஹீமோகுளோபினில் இதைக் கண்ணால் பார்த்துவிட்டார். நுண்ணோக்கியில் கவனியுங்கள்: கருநீலச் சிவப்பாக இருக்கும் படிகத்தின் விளிம்பு முதலில் பளிச்சென்று சிவக்கும், பிறகுதான் கீறல் ஓடும்.

செய்முறைக்கு வருவோம். முதலில் ஹீமோகுளோபின் கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து, பலத்த வெளிச்சத்தில் ஆக்சிஜன் ஓடவிட்டு கார்பன் மோனாக்சைடை விரட்டுங்கள். பிறகு நைட்ரஜன், காற்றுப் புகாத கையுறைப் பெட்டி. ஹீமோகுளோபின் மில்லிக்கு 10 மி.கி., பிஎச் 6.5. அம்மோனியம் சல்பேட் 2.2 முதல் 2.8 மோலார் வரை, 0.1 இடைவெளியில் ஏழு குழாய். குழாயில் காற்றிடம் விடாமல் நிரப்பி மூடுங்கள். டைத்தயோனைட்டை அப்போதைக்கப்போது எடை போட்டுக் கரையுங்கள். அது ஆக்சிஜனைத் தின்னும்போது அமிலம் உண்டாகும். பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) நீர்த்திருந்தால் பிஎச் சரிந்து படிகமே வராது.

நுண்ணோக்கி:
ஆக்சிஜன் ஏற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அம்மோனியம் சல்பேட் உப்பை விடுங்கள். பெக் 6000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சுமார் 10.5%, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பிஎச் 7. இதில் வளரும் டி நிலைப் படிகம் ஆக்சிஜனை ஏற்றாலும் உடையாது.

இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு வடிவம் அடர் பாஸ்பேட்டில் ஆர் நிலையாகவும், உப்பு குறைந்த பெக்கில் ஆர்2 என்ற இன்னொரு வடிவமாகவும் வரும். அதனால் ஒரே படிகத்தை வைத்து "என் மாற்றம்தான் வடிவத்தைத் திருப்பியது" என்று எழுதிவிடாதீர்கள். அதே கரைசலில் சாதாரண மனித ஹீமோகுளோபினையும் வளர்த்து ஒப்பிட வேண்டும். கிளைசின் இணைப்பின் எலக்ட்ரான் அடர்த்தி மங்கலாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். நான்கு சங்கிலி மூலக்கூறு ஏறக்குறைய இரட்டைச் சமச்சீர் உள்ளது என்பதால், அடுக்கில் இரு திசையிலும் படுத்திருக்க வாய்ப்புண்டு. இரண்டு முனைகளிலும் பாதிப் பாதியாக வைத்துச் சீர்செய்து பாருங்கள்.